கெர்ரியின் வட்டங்கள்: பதிவேட்டில் இருந்தும் இடிந்துபோன ஒரு மண்கோட்டை

2008ஆம் ஆண்டு அயர்லாந்தின் கெர்ரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), வடக்குப் பக்கத்துப் பண்ணை நிலம் ஒன்றில் இருந்த பழைய வட்ட மண்கோட்டை ஒன்றை இயந்திரம் விட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டைக்குள் இருந்த நிலவறையும் அதோடு போயிற்று. வழக்கு நடந்து, 2012ல் ட்ராலி நகரத்து சர்க்யூட் நீதிமன்றம் நில உரிமையாளருக்கு 25,000 யூரோ அபராதம் விதித்தது. அபராதத் தொகை பெரியதாக இருந்ததால் அயர்லாந்துப் பத்திரிகைகளில் பரவலாக வந்த செய்தி இது.

எனக்கு அந்தத் தொகையை விட முக்கியமாகத் தெரிவது வேறொன்று. இது யாருக்கும் தெரியாத மேடு இல்லை. அரசின் சட்டப்படியான பதிவேட்டில் இருந்த சின்னம், வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருந்த இடம். அப்படி இருந்தும் போயிற்று. பதிவு செய்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று தொல்லியல் ஆர்வலர்கள் பலரும் நம்புகிறோம், நானும் அப்படி நம்புகிறவன்தான், அதனால்தான் இந்த நிகழ்வை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பதிவேடு எப்படி உருவானது, சட்டம் அதில் உள்ள இடத்துக்கு உண்மையில் என்ன தருகிறது, வயலில் ஜேசிபி இறங்குகிற நேரத்தில் அந்தச் சட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் இந்த மண்கோட்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெயரைக் கேட்டால் ராஜா, படை என்று தோன்றும், அப்படியெல்லாம் இல்லை. பெரும்பாலும் கி.பி. 6 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், கொஞ்சம் வசதியான ஒரு விவசாயக் குடும்பம் தன் வீட்டைச் சுற்றி வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணையே உள்பக்கம் கரையாகப் போட்டுக் கட்டிக்கொண்ட வளாகம். குறுக்களவு ஏறத்தாழ 30 மீட்டர். கல் கிடைக்கிற இடத்தில் மண்ணுக்குப் பதில் கல்சுவர் இருக்கும். அயர்லாந்து முழுக்க அடையாளம் கண்டவை மட்டும் சுமார் 45,000. ராத், லிஸ், காஹர் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களில் பல இவற்றால் வந்தவை.

சில கோட்டைகளுக்குள் நிலவறை இருக்கும். பூமிக்கடியில் குறுகலாகக் கல் அடுக்கிக் கட்டி, மேலே நீளமான பலகைக் கற்களை வைத்து மூடிய பாதை. பொருள் சேமிக்கவும், ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளவும் பயன்பட்டது என்கிறார்கள். கெர்ரியில் இந்த நிலவறைகளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கில்லார்னிக்கு மேற்கே டன்லோ பக்கம் 1838ல் ஒரு நிலவறை தற்செயலாகக் கண்ணில் பட்டபோது, அதன் கூரைக் கற்களாக ஓகம் எழுத்து வெட்டிய கற்களைப் போட்டிருந்தது தெரிந்தது. ஓகம் என்பது ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்து, கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டுவது. அயர்லாந்தின் ஓகம் கற்களில் பெரும் பங்கு கெர்ரியில்தான் கிடைத்திருக்கிறது. அதனால் கெர்ரியில் ஒரு நிலவறையை யாரும் திறந்து பார்க்காமலேயே நொறுக்கினால், அதற்குள் படிக்க வேண்டிய கல் இருந்ததா இல்லையா என்று இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. நீதிமன்றம் அபராதம் போடலாம், அதைத் திருப்பித் தர அதனால் முடியாது.

பதிவேடு எங்கிருந்து வந்தது

இதன் வேர் வரி வசூலில் இருக்கிறது. 1824ல் பிரிட்டிஷ் அரசு நில மதிப்பீட்டுக்காக அயர்லாந்து முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைபடமாக்கத் தொடங்கியது. கெர்ரியின் முறை 1840களின் தொடக்கத்தில் வந்தது. வயல் வயலாக நடந்த சர்வேயர்கள், எல்லை வேலியையும் வீட்டையும் குறித்த அதே கையோடு இந்த வட்ட மேடுகளையும் குறித்துவிட்டார்கள். தொல்லியல் அவர்கள் வேலை இல்லை, ஆனாலும் குறித்தார்கள். பெரும் பஞ்சத்துக்கு முந்தைய, இயந்திரங்கள் வராத ஒரு நிலப்பரப்பு அப்படியே தாளில் நின்றுவிட்டது. இன்றைக்கு அயர்லாந்தில் ஒரு கோட்டை இருந்ததா, எப்போது காணாமல் போனது என்று பார்க்க எவரும் முதலில் திறப்பது இந்தத் தாள்களைத்தான்.

சட்டம் வந்தது மெதுவாக. சுதந்திர அயர்லாந்து 1930ல் தேசிய நினைவுச்சின்னச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னத்தை அரசு வாங்கலாம், பொறுப்பில் எடுக்கலாம், பாதுகாப்பு ஆணை போடலாம், அகழாய்வுக்கு உரிமம் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அதன் பார்வை பெரிய சின்னங்கள் மீதுதான். கேலரஸ் கல் தொழுகைக்கூடம், ஸ்டெய்க் கல்கோட்டை, ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு மடம் மாதிரியான இடங்களை அது நன்றாகக் கவனித்தது. நாடு முழுக்க அரசின் நேரடிப் பராமரிப்பில் உள்ள சின்னங்கள் இன்றும் ஆயிரம் அளவில்தான் இருக்கும். வயலுக்கு நடுவே மாடு மேய்கிற, முள் மரம் வளர்ந்த, பெயர்கூட இல்லாத மண் வட்டத்துக்கு அந்தச் சட்டத்தில் நடைமுறையில் இடமில்லை.

1980களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. பொதுப்பணி அலுவலகம் கவுண்டி கவுண்டியாகச் சின்னங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க ஆரம்பித்தது. பழைய ஆறு அங்குல வரைபடங்கள், விமானத்திலிருந்து எடுத்த படங்கள், பழைய கட்டுரைகள், களஆய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்தார்கள். கவுண்டியின் குறியெழுத்து, வரைபடத் தாள் எண், அந்தத் தாளில் வரிசை எண். நம்மூர் சர்வே நம்பர் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். கெர்ரிக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம், டிங்கிள் தீபகற்பத்தில் உள்ளூர்க்காரர்களின் முயற்சியில் நடந்த முழு ஆய்வு 1986லேயே நூலாக வந்துவிட்டது, வட கெர்ரிக்கும் ஐவரா தீபகற்பத்துக்கும் 1990களில் அதே மாதிரி வந்தன.

இரண்டாவது, 1987ல் வந்த சட்டத் திருத்தம். அது வரலாற்றுச் சின்னங்களுக்கு ஒரு பதிவேட்டை உருவாக்கியது. அதில் ஓர் இடத்தைச் சேர்த்தால் உரிமையாளருக்குத் தனியாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் ஆயிரக்கணக்கான வயல்களில் உரிமை யாருடையது, வாரிசு யார், குத்தகைக்காரர் யார் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கடிதம் அனுப்பி முடிப்பதற்குள் இயந்திரங்கள் வேலையை முடித்துவிடும்.

அதனால் 1994 திருத்தத்தின் 12ஆம் பிரிவு வேறு வழியைப் பிடித்தது. சின்னம் இருக்கிற இடங்களை மட்டுமல்ல, இருக்கிறது என்று அதிகாரிகள் கருதுகிற இடங்களையும் பட்டியலிட்டு, வரைபடத்தில் குறித்து, கவுண்டிக்குள் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தால் போதும். தனிக் கடிதம் தேவையில்லை. இப்படி உருவான பதிவேடு 1990களின் பிற்பாதிக்குள் எல்லாக் கவுண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது, சுமார் 1,20,000 இடங்கள். பழைய ஆறு அங்குல வரைபடத்தின் மேல் வட்டங்கள், கூடவே ஒரு பட்டியல் புத்தகம். இத்தனை குறுகிய காலத்தில், இத்தனை சிறிய சின்னங்கள் வரை, தரையில் எதுவும் தெரியாத இடங்களைக்கூட விடாமல் சட்ட வளையத்துக்குள் கொண்டுவந்தது பெரிய சாதனை. இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. வட்டம் நூலகத்தில் இருக்கிறது, கவுண்டி அலுவலகத்தில் இருக்கிறது. எந்த நிலத்தின் மேல் அந்த வட்டம் விழுந்திருக்கிறதோ அந்த நிலத்துக்காரர் வீட்டுக்கு அது போனதில்லை.

வட்டத்துக்குள் சட்டம் சொல்வது

12ஆம் பிரிவைப் படிக்கும்போது பலரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. அது அனுமதி கேட்கச் சொல்லவில்லை. பதிவான இடத்தில் ஏதாவது வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள், கொடுத்த பிறகு இரண்டு மாதம் காத்திருங்கள் என்கிறது. அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத்துக்குள் அரசு என்ன செய்யும் என்பதில்தான் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆள் அனுப்பிப் பார்க்கலாம், பேசலாம், தேவைப்பட்டால் பாதுகாப்பு ஆணை போடலாம், 1954 திருத்தம் தந்த தற்காலிக ஆணையும் கையில் இருக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டால், மூன்றாவது மாதம் இந்தப் பிரிவைக் காட்டி வேலையைத் தடுக்க முடியாது.

வீடோ கொட்டகையோ கட்டுகிற விஷயத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. கட்டுவதற்குத் திட்ட அனுமதி வேண்டும், விண்ணப்பம் கவுண்டி கவுன்சிலுக்கு வரும், அங்கே மேஜையில் வட்டம் போட்ட வரைபடம் இருக்கிறது, வட்டத்துக்குள் விழுந்தால் தொல்லியல் கருத்து கேட்பார்கள், சோதனைக் குழி வெட்டிப் பார்க்கச் சொல்வார்கள், வீட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வார்கள். கவுண்டிக்கென்று சொந்தமாகத் தொல்லியலாளர் இருக்கிற சில இடங்களில் கெர்ரியும் ஒன்று. இந்த வழியில் காப்பாற்றப்பட்ட வட்டங்கள் செய்தியில் வராது, ஏனென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை. ஆனால் பதிவேட்டின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது, தண்டனைப் பிரிவில் இல்லை.

வயலைச் சமப்படுத்துகிறவர் விஷயம் அப்படியில்லை. புதரை எடுக்கிறார், பழைய வேலியை எடுக்கிறார், மேட்டைத் தள்ளிப் புல்வெளியைப் பெரிதாக்குகிறார். பண்ணை வேலைகளுக்குச் சட்டம் தரும் பொதுவான விலக்கு பதிவான சின்னத்துக்குப் பொருந்தாது என்று விதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நடைமுறையில் இந்த வேலைக்கு யாரும் எந்த மேஜைக்கும் காகிதம் கொண்டுபோவதில்லை. காகிதம் வராத இடத்தில் வரைபடம் பேசாது. விவசாய நிலத்தைத் திருத்தி அமைப்பதற்கு 2011ல் வந்த சுற்றுச்சூழல் விதிகள் 2 ஹெக்டேருக்கு மேல் தரை மட்டத்தை மாற்றினால் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லின. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கோட்டையின் பரப்பு 0.07 ஹெக்டேர். இந்த வரம்பின் வழியே இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கோட்டைகள் ஒன்றாக நழுவிப் போகலாம். பிற நிபந்தனைகள் உண்டு, ஆனால் அளவுகோல் சின்னங்களை நினைத்து வைத்ததில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

வட கெர்ரியில் நடந்தது இந்த இடைவெளியில்தான். இயந்திரத்துக்கும் வயலுக்கும் நடுவே வரைபடம் உள்ள ஒரு மேஜையும் இல்லை. நீதிமன்றம் வந்தது கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு.

சட்டத்துக்கு முன்னால் காவல் இருந்தது யார்

ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த மேடுகள் ஏன் நின்றன என்றும் கேட்க வேண்டும் அல்லவா? அந்தக் காலத்தில் பெரும்பகுதிக்குச் சட்டமே கிடையாது. ஊர் நம்பிக்கைதான் காத்தது. இவற்றைத் தேவதைக் கோட்டை என்பார்கள், பூமிக்கடியில் வாழும் வேறொரு கூட்டத்தின் வாசல் என்பார்கள், அங்கே மண்ணைத் தொட்டால், முள் மரத்தை வெட்டினால், மாடு சாகும், வீட்டில் நோய் வரும். கெர்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே 2017ல், கில்லார்னியிலிருந்து கார்க் போகும் என்22 சாலை திரும்பத் திரும்ப இறங்குவதற்கு அந்தப் பக்கத்துத் தேவதைக் கோட்டைகளே காரணம் என்று பொதுவெளியில் சொன்னார், அப்படியொரு கோட்டையைத் தான் ஒருபோதும் தொடமாட்டேன் என்றும் சொன்னார். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். மண் வெட்டும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இயந்திரம் வைத்திருப்பவர் கோட்டையைத் தொடமாட்டேன் என்று சொல்வதைவிடப் பெரிய பாதுகாப்பு ஆணை எது?

அந்த நம்பிக்கைக்கு இருந்த ஒரு குணம் சட்டத்துக்கு இல்லை. அது நிலத்துக்காரரின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எந்த மேடு, எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தாத்தா பேரனுக்குக் காட்டிக் கொடுத்தார். பெரிய டிராக்டரும் விலை ஏறிய நிலமும் வந்து, பிள்ளைகள் டப்ளினுக்கும் வெளிநாட்டுக்கும் போனபோது நம்பிக்கை கரைந்தது. அதன் இடத்தில் வந்த பதிவேடு நூலக அலமாரியில் நின்றது.

ஓரளவு அந்த இடத்தை நிரப்பியது பணம் என்று சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய மானியத்தில், பதிவான சின்னத்தைச் சேதப்படுத்தினால் மானியம் குறையலாம் என்ற நிபந்தனை இருக்கிறது. 1994ல் தொடங்கிய ஊரகச் சுற்றுச்சூழல் திட்டத்திலும், 2015ல் வந்த கிளாஸ் என்ற பண்ணைச் சுற்றுச்சூழல் திட்டத்திலும் தொல்லியல் சின்னத்தைப் பாதுகாப்பது விவசாயி செய்யும் வேலைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. கிளாஸ் திட்டத்தில் அதற்கெனப் பணமும் இருந்தது. 2020 முதல் சமூக நினைவுச்சின்ன நிதி என்று ஒன்றும் வந்திருக்கிறது. நீதிமன்றத்தைவிட இவை அதிகம் சாதித்திருக்கும் என்பது என் எண்ணம், காரணம் எளிது: விவசாயி மானிய விண்ணப்பத்தை வருஷா வருஷம் திறக்கிறார், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் திறப்பதில்லை.

பட்டியல் நின்றுவிட்டது, நிலம் நிற்கவில்லை

இன்னொரு சிக்கல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1990களின் தாள்கள் அப்படியே நிற்கின்றன. அதற்குப் பிறகும் விமானப் படங்களிலும், லேசர் ஒளியால் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் அளவீட்டிலும், வெறும் நடையிலும் புதிய சின்னங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. இவை தேசிய நினைவுச்சின்னப் பணித்துறையின் இணைய வரைபடத்தில் ஏறிவிடும், அதில் 1,50,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஆனால் பல பதிவுகளின் கீழே, சட்டப் பதிவேட்டின் அடுத்த திருத்தத்தில் சேர்க்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். அந்த அடுத்த திருத்தம் ஆண்டுக்கணக்கில் வரவேயில்லை. வரைபடத்தில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு புள்ளிகளில் ஒன்றுக்கு 12ஆம் பிரிவு உண்டு, மற்றதற்குக் கிடையாது.

இதற்கு நல்ல உதாரணமும் கெர்ரியிலேயே இருக்கிறது. டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில், பாலிஃபெரிட்டர் ஊருக்கு மேலே உள்ள மலையில், அல்டோர் நா கிரேனா, அதாவது சூரிய பீடம் என்ற பெயரில் ஒரு கல்லறைச் சின்னம் இருந்தது. 1838ல் ஜார்ஜியானா சாட்டர்டன் என்ற பிரபு வீட்டுப் பெண்மணி அதைப் பார்த்துப் படம் வரைந்தார். 1852ல் ரிச்சர்ட் ஹிட்ச்காக் என்ற பழம்பொருள் ஆய்வாளர் போனபோது, கற்களை உடைத்துக் கட்டுமானத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்று எழுதி வைத்தார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், இடமே எதுவென்று தெரியாமல் போனது. உள்ளூரில் வாழும் நாட்டார் வழக்காற்றியலாளர் பில்லி மாக் லின் அந்த மலையில் கற்களைப் படமெடுத்து முப்பரிமாண வடிவமாக்கிப் பார்த்தபோது, அவற்றில் ஒன்று சாட்டர்டனின் படத்தில் இருந்த கல்லோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். பணித்துறையின் தொல்லியலாளர் நேரில் வந்து உறுதி செய்தார், 2024 ஜனவரியில் செய்தி வெளியானது. வெண்கலக் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த ஆப்பு வடிவக் கல்லறை, அதாவது 4,000 ஆண்டுக்கு மேல் பழையது, அதில் கால்வாசி அளவு கற்கள் அங்கேயே இருந்திருக்கின்றன.

அழிந்தது என்று எழுதி மூடிய கோப்புகளை மூடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். அதோடு, இடைப்பட்ட 170 ஆண்டுகளில் அந்தச் சரிவில் யாராவது ஒருவர் புல்வெளிக்காகக் கற்களை ஓரம் தள்ளியிருந்தால், பதிவேட்டில் தெரிந்த இடமாக அது இல்லாதபோது எந்தப் பிரிவைக் காட்டி அவரைக் கேட்டிருக்க முடியும்?

2023ல் அயர்லாந்து புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. 1930 முதல் அடுக்கடுக்காக வந்த சட்டங்களை முழுவதுமாக நீக்கிவிட்டு ஒரே சட்டமாக்குவது நோக்கம், படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பழைய பட்டியல்களுக்குப் பதிலாக ஒரே பதிவேடு. சின்னங்களுக்குப் பொதுப் பாதுகாப்பு, சிறப்புப் பாதுகாப்பு என்று இரண்டு நிலை. முக்கியமாக, குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த சின்னம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் பதிவேட்டில் ஏறும் வரை காத்திருக்காமல் உடனே சட்டப் பாதுகாப்பு வர வழி இருக்கிறது. அடுத்த திருத்தம் எப்போது என்று காத்துக் கிடந்த அத்தனை புள்ளிகளுக்கும் இது வேண்டியிருந்தது. நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் வட கெர்ரிக் கோட்டையை இந்தப் புதிய சட்டம் காப்பாற்றியிருக்குமா என்று என்னிடம் கேட்டால், சட்டப் புத்தகத்தை வைத்து மட்டும் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பழைய சட்டத்திலேயே பாதுகாப்பு இருந்தது. அப்புறம் எது மாறியிருக்க வேண்டும்? வட்டம் வயலுக்கு வந்திருக்க வேண்டும். 1987ல் தனிக் கடிதம் அனுப்புவது மலைப்பான வேலை, உரிமையாளரைத் தேடவே ஆண்டுகள் ஆகும். இன்றைக்கு அந்தச் சாக்குச் செல்லாது. மானியம் வாங்குகிற ஒவ்வொரு விவசாயியின் வயலும் விவசாயத் துறையின் கணினியில் எல்லைக்கோட்டோடு இருக்கிறது, சின்னங்களின் புள்ளிகளும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, உங்கள் நிலத்தில் இந்த இடத்தில் இந்த எண்ணுள்ள கோட்டை இருக்கிறது, இவ்வளவு தூரத்துக்குள் இயந்திரம் இறக்குமுன் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஒரு பக்கக் கடிதத்தை, படத்தோடு, வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பலாம். நிலம் கை மாறும்போது பத்திரத்தோடு அதே பக்கம் சேர்ந்து போக வேண்டும். ஜேசிபி வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் அதே வரைபடம் போனில் இருக்க வேண்டும், வேலைக்குப் போகுமுன் பார்க்க வேண்டும் என்பதும் விதியாக வேண்டும், ஏனென்றால் ஒரு பகலில் ஒரு கோட்டையை இல்லாமல் செய்யக்கூடிய கருவி அவர்களிடம்தான் இருக்கிறது. புதிய பதிவேட்டுக்கான வேலைகள் நடந்துகொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே இதைச் செய்வது சுலபம், பதிவேடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிறகு யாரும் திரும்பப் போய் இதைச் சேர்க்கப் போவதில்லை.